எஞ்சினை மாற்றுவதா, பிரித்துக் கட்டுவதா? அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள்

"எஞ்சின் போயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எதை வெச்சு சொல்றீங்க?" புகை தள்ளுது, ஆயில் குடிக்குது, பிக்கப் இல்லை, மெக்கானிக் சொன்னார். பதில் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். இவற்றில் எதையும் நம்பி ஒரு எஞ்சினை இறக்க முடியாது.

பதினோரு வருடம் சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் போரிங் மெஷினிலும், கிராங்க் (பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) அரைக்கும் மெஷினிலும் நின்றேன். அப்புறம்தான் சொந்தமாக எஞ்சின் வேலை எடுக்க ஆரம்பித்தேன். ஓடுகிற எஞ்சினைவிடப் பிரித்துப் போட்ட எஞ்சினைத்தான் என் கண் அதிகம் பார்த்திருக்கிறது. அந்த மேசையில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். மாற்றுவதா, பிரித்துக் கட்டுவதா என்ற முடிவை மைக்ரோமீட்டர் (நுண்ணிய அளவை அளக்கும் கருவி) எடுக்கட்டும். அளக்கும்வரை யார் சொன்னாலும், நானே சொன்னாலும், அது ஊகம்.

ஒரு பெண்மணி ஆயில் குறைகிறது என்று தன் பதினான்கு வருடக் காரைக் கொண்டுவந்தார். நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. வேறொரு பட்டறையில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்ற அளவு, பார் என்ற அலகில்) பார்த்துவிட்டு, நான்கிலும் 7 பார்தான் இருக்கிறது, வேறு எஞ்சின்தான் வழி என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான்கு சிலிண்டரும் அச்சு அசலாக ஒரே அளவு தேய்ந்து நான் பார்த்ததே குறைவு. சாவியைத் திருப்பியபோது ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றியது. நல்ல பேட்டரி ஒன்றை இணைத்து, ஆக்ஸிலேட்டரைக் கடைசிவரை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி எடுத்தேன். 11.5, 11.5, 11, 11.5. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் ரிங்கை (பிஸ்டனைச் சுற்றிச் சிலிண்டர் சுவரோடு அடைத்து நிற்கும் வளையம்) தாண்டிக் காற்று கசிய நேரம் கிடைக்கிறது; த்ராட்டில் (எஞ்சினுக்குள் காற்றை விடும் கதவு) மூடியிருந்தால் உள்ளே காற்றே போதாது. இரண்டும் சேர்ந்து நல்ல எஞ்சினைச் செத்ததாகக் காட்டிவிட்டன. அப்படியானால் ஆயில் ஏன் குறைந்தது? ப்ரீதர் வால்வு அடைத்திருந்தது. கட்டைவிரல் அளவுள்ள பொருள். உள்ளே சேர்ந்த அழுத்தம் வெளியேற வழியில்லாமல் ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

அதனால் இந்த வேலையை வரிசையாகச் செய்யுங்கள்.

இறக்குவதற்கு முன்

கம்ப்ரஷன் பார்ப்பதை ஒருமுறையாவது பக்கத்தில் நின்று பாருங்கள். எஞ்சின் நல்ல சூட்டில் இருக்க வேண்டும். பிளக் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றிப் பார்ப்பது தவறு. இக்னிஷனையும் பெட்ரோல் இன்ஜெக்டரையும் துண்டித்துவிட வேண்டும். பேட்டரி முழு சார்ஜில், த்ராட்டில் முழுக்கத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று. பிளக் துளையில் மாட்டிய கம்ப்ரஷன் மீட்டரில், முதல் சுற்றில் முள் எவ்வளவு ஏறியது, கடைசியில் எங்கே நின்றது என்று இரண்டையும் தாளில் எழுதுங்கள். அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

பெட்ரோல் எஞ்சின் ஆரோக்கியமாக இருந்தால் பெரும்பாலும் 10 முதல் 13 பார் வரை காட்டும். டீசல் என்றால் 25 முதல் 35 வரை. உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் போட்டிருக்கும் அளவுதான் கடைசி வார்த்தை. அந்த எண்ணைவிட நான் அதிகம் கவனிப்பது சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தை. பத்துப் பதினைந்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. ஒன்று மட்டும் பாதியாக இருக்கிறதா? பெட்ரோல் எஞ்சின் என்றால் அந்தச் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது. ஏறவே இல்லை என்றால் கோளாறு மேலே, வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ (சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் வைக்கும் அடைப்புத் தகடு). அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் ஒரே மாதிரி இறங்கியிருந்தால் நடுவில் கேஸ்கெட் வெடித்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். டீசலில் இந்த ஆயில் விடும் சோதனை வேண்டாம். அதன் அறை சின்னது, அளவும் பொய் சொல்லும், ஆயிலே பற்றிக்கொள்ளவும் செய்யும்.

இதைவிடத் தெளிவாகப் பேசுவது லீக் டவுன் சோதனை. பிஸ்டனை கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றைக் கொடுத்து, எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது. காற்று கொடுக்கும்போது கிராங்க் திடீரென்று சுற்றலாம், கையைத் தள்ளி வையுங்கள். 10 சதவீதத்துக்குள் என்றால் நல்லது, 20 வரை ஓட்டலாம், 30-ஐத் தாண்டினால் வேலை இருக்கிறது. அழகே இனிமேல்தான். காது வைத்துக் கேளுங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் உஸ்ஸென்று வந்தால் இன்டேக் வால்வு. சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கே கேட்கிறதா, ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் நோய் எந்த மாடியில் இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. மேல்மாடியில் மட்டும் என்றால் ஹெட்டை இறக்கி வால்வு வேலை பார்த்தால் போதும். மாற்றுவதா, கட்டுவதா என்ற கேள்வியே அங்கே எழாது.

புகைக்கும் ஒரு மொழி உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் மட்டும் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். இழுக்கும்போதெல்லாம் நீலம் வந்தால் ரிங் பக்கம் பாருங்கள். டர்போ வண்டி என்றால் முதலில் டர்போவின் குழாயைக் கழற்றி உள்ளே ஆயில் குளமாக நிற்கிறதா பாருங்கள். டர்போ சீல் போனதற்கு எஞ்சினையே பிரித்தவர்கள் இருக்கிறார்கள். வெள்ளைப் புகை விடாமல் வந்து, கூலன்டும் குறைந்துகொண்டே போனால் கூலன்ட் எரிகிறது. கறுப்பு பெரும்பாலும் எரிபொருள், காற்று சம்பந்தப்பட்டது. அதற்காக எஞ்சினை இறக்காதீர்கள்.

ஆயில் அழுத்தத்தை டாஷ்போர்டு விளக்கை வைத்து நம்பக் கூடாது. பல வண்டிகளில் அந்த விளக்கு அரை பாருக்கும் கீழே போன பிறகுதான் எரியும். அந்த விளக்கை எரியவைக்கும் சுவிட்சை எஞ்சினிலிருந்து கழற்றிவிட்டு அங்கே முள் மீட்டரை மாட்டி, எஞ்சின் சூடான பிறகு பாருங்கள். நிமிடத்துக்கு 1000 சுற்றுக்குச் சுமார் 0.7 பார் என்பது பழைய மெக்கானிக்குகள் கையில் வைத்திருக்கும் கணக்கு. 3000 சுற்றில் 2 பார் இருக்கிறது என்றால் பேரிங் அநேகமாகத் தாங்கும்.

கீழே இருந்து கனமாக, சுத்தியலால் மரக்கட்டையைத் தட்டுகிற மாதிரி சத்தம் வந்து, லோடு ஏறும்போது கூடினால் அது பிக் எண்ட் பேரிங்காக (பிஸ்டனின் ராடு கிராங்கோடு சேரும் இடத்துப் பேரிங்) இருக்கலாம். ஒவ்வொரு இன்ஜெக்டரின் மின் இணைப்பாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது சத்தம் அடங்குகிறதோ அந்தச் சிலிண்டர். உறுதியானதும் எஞ்சினை நிறுத்துங்கள். வீடுவரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். சத்தம் கேட்ட இடத்திலேயே நிறுத்திய வண்டியின் கிராங்கைக் கால் மில்லிமீட்டர் அரைத்துக் காப்பாற்றியிருக்கிறேன். இன்னும் பத்து கி.மீ. ஓட்டி வந்த வண்டியில் ராடு பிளாக்கை (சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் உடம்பு) உடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது.

கடைசியாக, பழைய ஆயில் ஃபில்டரை வெட்டி உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை விரித்து வெயிலில் காட்டுங்கள். மினுமினுப்பு இருந்தால் காந்தம் வையுங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் வெள்ளையாக மின்னினால் அலுமினியம், பிஸ்டனாகவோ பேரிங்காகவோ இருக்கலாம். செம்பு நிறம் தெரிந்தால் பேரிங்கின் மேல்பூச்சு கரைந்து அடித்தட்டு தேய ஆரம்பித்துவிட்டது.

எது கொன்றது?

எஞ்சின் தானாகச் சாவதில்லை. ரேடியேட்டர் அடைத்திருக்கும், ஃபேன் ஓடாமல் இருந்திருக்கும், ஏர் ஃபில்டர் பெட்டியில் விரிசல் இருந்து புழுதி உள்ளே போயிருக்கும், ஆயில் மாற்றும் கி.மீ. இரண்டு மடங்காகத் தள்ளிப்போயிருக்கும். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது எஞ்சினை மாட்டினாலும், பிரித்துக் கட்டினாலும், அதே காரணம் அதையும் கொல்லும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு டீசல் வேன். பேரிங் தேய்ந்து வந்தது. கிராங்கை அரைத்தேன், புது பேரிங், புது ஆயில் பம்ப், எல்லா ஆயில் துளைகளையும் பிரஷ் விட்டுக் கழுவினேன். ஆயில் கூலரை மட்டும் டீசல் விட்டு அலசிவிட்டுத் திரும்ப மாட்டிவிட்டேன். மூன்றாவது வாரம் அதே சத்தத்தோடு வந்தது. அந்தக் கூலரை நடுவில் அறுத்துப் பார்த்தேன். தகடுகளுக்கு நடுவே, தலைமுடி அளவு இடுக்கில், பேரிங் துகள் மணல் மாதிரி மின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என்னதான் அலசினாலும் அது வராது. தவறு என்னுடையது. இரண்டாவது வேலையை என் கைக்காசில் செய்து கொடுத்தேன். பேரிங் போன வண்டியில் ஆயில் கூலர் புதிது போட மறுக்கிற எந்தப் பட்டறையிலும் வேலை கொடுக்காதீர்கள். அதே துகள் டர்போவுக்கும் போயிருக்கும், அதையும் பாருங்கள்.

வண்டி அதற்குத் தகுதியானதா?

எஞ்சினுக்கு ஒரு பைசா செலவழிக்கும் முன் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியில் பாருங்கள். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப்பகுதி, சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் இடங்கள், ஸ்பிரிங் உட்காரும் தட்டு, பிரேக் குழாய். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் தகடு உயிரோடு இருக்கிறது. பொத்தென்று கேட்கும் இடத்தில் முனையால் குத்திப் பாருங்கள். பெயின்டுக்கு அடியில் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று அப்போது தெரியும். துரு தின்ற உடம்புக்கு நல்ல எஞ்சின் போட்டுக் கொடுத்துவிட்டு, ஒரே வருடத்தில் அந்த வண்டி பழைய இரும்பாக உடைப்புக்குப் போனதைப் பார்த்தால் செய்த கைக்கே வலிக்கும்.

கியர்பாக்ஸையும் சேர்த்தே பாருங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் ஆயிலை முகர்ந்து பாருங்கள். கருகிய வாடை அடித்தால் அடுத்த செலவு வாசலில் நிற்கிறது.

பிரித்த பிறகு எடுக்கும் முடிவு

பலருக்கு இது தெரிவதில்லை. எஞ்சினைப் பிரித்தாலே கட்டித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. பிரிக்கக் கூலி, அளக்கக் கூலி என்று மட்டும் முதலில் பேசிக்கொள்ளுங்கள். அளவுகள் தாளில் வந்த பிறகு மிச்சத்தை முடிவு செய்யலாம். முழு வேலைக்கும் ஒரே தொகையாக, பிரிப்பதற்கு முன்பே, ஒருவர் உறுதியாகச் சொன்னால் அவர் எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

சிலிண்டர் அதிகம் தேய்வது மேல் ரிங் திரும்பும் இடத்தில், அதுவும் பிஸ்டன் பக்கவாட்டில் சாயும் திசையில். அதற்கு மேலே ரிங் தொடாத ஒரு விளிம்பு தேயாமல் நிற்கும். நகத்தை சிலிண்டர் சுவரில் வைத்து மேலே இழுங்கள். விளிம்பில் நகம் தட்டி நின்றால் தேய்மானம் நிறைய. அது எவ்வளவு என்று போர் கேஜ் (சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கும் கருவி) சொல்லும். மேலே, நடுவே, கீழே என்று மூன்று உயரம். ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசை. ஒரு சிலிண்டருக்கு ஆறு அளவு.

ஒரு உதாரணம் சொல்கிறேன். தொழிற்சாலை அளவு 76.00 மி.மீ. என்று வையுங்கள். மேலே சாய்கிற திசையில் 76.09, அதே உயரத்தில் மறு திசையில் 76.05, கீழே 76.02. அதாவது மேலிருந்து கீழே 0.07 சரிவு, வட்டம் 0.04 நசுங்கியிருக்கிறது. இதில் புது ரிங் மட்டும் போட்டால் கொஞ்ச நாள் புகை அடங்கும், பிறகு பழைய கதைதான். போர் செய்து, அடுத்த பெரிய பிஸ்டன் போட வேண்டும். ஓவர்சைஸ் பிஸ்டன்கள் பெரும்பாலும் 0.25, 0.50, 0.75, 1.00 என்ற படிகளில் வரும். மேலே சொன்ன சிலிண்டர் 76.25-இல் சுத்தமாகிவிடும். ஆழமான கீறல் இருந்தால் 76.50 போக வேண்டும். ஒரு சிலிண்டர் 76.50 போனால் மற்றவையும் போக வேண்டும். எல்லாம் ஒரே அளவாக இருப்பதே முறை.

இங்கே ஒரு வேண்டுகோள். பிஸ்டன் கைக்கு வரும் முன் பிளாக்கைப் போர் செய்ய விடாதீர்கள். பெட்டியில் 76.25 என்று எழுதியிருக்கும், அதை நம்பி வெட்டக் கூடாது. ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து, மேனுவல் சொல்லும் இடைவெளியைக் கூட்டி, சிலிண்டர் வாரியாக எண் போட்டு வெட்டுவதுதான் முறையான வேலை. கடைசி 0.05 மி.மீ. அளவை வெட்டாமல், தேய்த்து முடிக்கும் ஹோனிங் கல்லுக்கு விட வேண்டும். சுவரில் குறுக்கு நெடுக்காக வலைக்கோடு விழுந்திருக்க வேண்டும், ஆயில் அந்தக் கோடுகளில்தான் தங்கும். மெஷினில் நிற்பவர் பிஸ்டனைக் கேட்காமல் பிளாக்கை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டால் வேறு ஆளைப் பாருங்கள். கட்டுவதா, மாற்றுவதா என்ற முடிவில் பாதி, உங்களுக்கு நல்ல மெஷின்காரர் கிடைக்கிறாரா என்பதில் இருக்கிறது.

லைனர் (சிலிண்டருக்குள் செருகிய தனிக்குழாய்) போட்ட எஞ்சின் என்றால் வேலை சுலபம், லைனரை இழுத்துவிட்டுப் புதிது இறக்கலாம். அலுமினியச் சுவரில் தனிப்பூச்சு பூசிய எஞ்சின் என்றால் சாதாரண போரிங் பட்டறையில் தொடவே கூடாது. அங்கே மாற்றுவதன் பக்கம் தராசு சாயும்.

கிராங்க். பேரிங் உட்காரும் ஒவ்வொரு கழுத்தையும் இரண்டு திசையில் அளக்க வேண்டும். 0.02 மி.மீ. நசுங்கியிருந்தாலே எனக்கு நிம்மதி இருக்காது. 0.25 அரைத்து, அதற்கேற்ற பேரிங் போடலாம். ஆனால் முதலில் அந்த அளவு பேரிங் கிடைக்கிறதா என்று கேளுங்கள். சில கிராங்குகளின் மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்டது, தயாரிப்பாளரே அரைக்கக் கூடாது என்று சொல்லியிருப்பார். கழுத்தில் நீலம் பாரித்திருந்தால் அளவுகடந்து சூடேறியிருக்கிறது. விரிசல் சோதனை செய்யாமல் அதைத் திரும்பப் போடாதீர்கள்.

ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்விளிம்புப் பட்டையை வைத்து, 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடு) அடியில் நுழைகிறதா பாருங்கள். நுழையவில்லை என்றால் நல்லது. 0.10 நுழைந்தால் சீவ வேண்டியிருக்கும், அதற்கும் மேனுவலில் எல்லை உண்டு. கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஹெட்டில் உட்காரும் எஞ்சினில் இன்னொன்றையும் பாருங்கள். ஹெட் வளைந்தால் கேம் உட்காரும் இடமும் வளைந்திருக்கும்; அடியைச் சீவினால் மேலே உள்ள வளைவு போகாது. வால்வுகளைக் கழற்றிவிட்டுக் கேமை மட்டும் அதன் மூடிகளோடு மாட்டி இறுக்கி, கையால் சுற்றுங்கள். வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். எங்கேயாவது பிடித்தால் அந்த ஹெட் மேல் பணம் போட யோசியுங்கள்.

பிளாக், கிராங்க், ஹெட். இந்த மூன்றில் இரண்டு போயிருந்தால் நான் கட்டச் சொல்வதில்லை. ஒன்றுதான் போயிருக்கிறது, உதிரிபாகம் கிடைக்கிறது, நல்ல மெஷின்காரர் இருக்கிறார் என்றால் பிரித்துக் கட்டுவதையே சொல்வேன். ஏனென்றால் கட்டி முடித்ததும் உள்ளே ஒவ்வொரு பாகமும் என்ன அளவில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து வாங்கிய எந்தப் பழைய எஞ்சினிலும் அது தெரியாது.

வேறு எஞ்சின் வாங்குவதென்றால்

இரண்டு வகை இருக்கிறது, ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒன்று, உடைப்புக்குப் போன வண்டியிலிருந்து அப்படியே எடுத்தது. மற்றது, தொழில்முறையில் பிரித்து, அளந்து, மெஷின் வேலை செய்து, புது பாகங்கள் போட்டு, உத்தரவாதத்தோடு தருவது. இரண்டாவதில் உங்கள் பழைய எஞ்சினைத் திருப்பிக் கேட்பார்கள், அதற்கென்று ஒரு முன்பணமும் பிடிப்பார்கள். பிளாக்கில் ஓட்டை விழுந்திருந்தால் அந்தப் பணம் திரும்ப வராமல் போகலாம். முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழையதை வாங்கப் போனால் முதலில் பிளாக்கில் அடித்திருக்கும் எஞ்சின் குறியீட்டை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். "அதே எஞ்சின்தான், சார்" என்பார்கள். பெயர் ஒன்றாக இருந்தும் சென்சார் உட்காரும் துளை வேறாக, மானிஃபோல்டு வேறாக, ஃப்ளைவீல் வேறாக இருக்கும். ஓடவிட்டுக் காட்ட முடிந்தால் பாருங்கள். தரையில் கிடந்தால் ஆயில் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடியுங்கள். தேன் நிறத்தில் உலோகம் தெரிந்தால் ஒழுங்காக ஆயில் மாற்றிய வண்டி. கறுப்புக் களிம்பு அப்பியிருந்தால் நகர்ந்துவிடுங்கள். மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். பிளக் துளை வழியாகக் கேமரா விட்டு சிலிண்டர் சுவரில் வலைக்கோடு இருக்கிறதா பாருங்கள். கிராங்க் புல்லியை முன்னும் பின்னும் நெம்பிப் பாருங்கள், ஆட்டம் கண்ணுக்குத் தெரியும் அளவு இருக்கக் கூடாது. ஸ்டார்ட்டரை மாட்டித் தரையிலேயே கம்ப்ரஷன் எடுக்கலாம்; குளிர்ந்த எஞ்சினில் அளவு கொஞ்சம் குறையும், சிலிண்டர்களுக்கு நடுவே வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். உத்தரவாதம் பொருளுக்கு மட்டுமா, மறுபடி இறக்கி ஏற்றும் கூலிக்கும் சேர்த்தா என்று எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் பொருளுக்கு மட்டும்தான் இருக்கும்.

வாங்கிவந்த எஞ்சினை அப்படியே ஏற்றாதீர்கள். தரையில் இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கிராங்கின் பின்பக்க ஆயில் சீல், பிளக் எல்லாம் புதிது போடுங்கள். கிளட்ச்சையும் ரிலீஸ் பேரிங்கையும் கையோடு மாற்றுங்கள். அந்தப் பின்பக்க சீல் விலையில் அற்பமானது. ஏற்றிய பிறகு அது கசிந்தால் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும்.

பதிவுச் சான்றில் எஞ்சின் எண் இருக்கும் இடங்களில் அதை மாற்றிப் பதிய வேண்டும். விற்பவரிடம் எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான ரசீது இல்லை என்றால் தொடவே தொடாதீர்கள். இன்ஷூரன்சுக்கும் தெரியப்படுத்துங்கள்.

வேறு வகை எஞ்சின், பெரியது, வேகமானது போடலாமா என்று இளைஞர்கள் ஆசையோடு கேட்பார்கள். மவுன்ட், வயரிங், இ.சி.யூ. (எஞ்சினை இயக்கும் கணினி), இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் மின்பூட்டு), கியர்பாக்ஸ் இணையும் முகம், டிரைவ் ஷாஃப்ட், ரேடியேட்டர், பிரேக், புகைச் சான்று. ஒன்றைத் தொட்டால் ஒன்பது வரும். தினசரி ஓட்டுகிற ஒரே வண்டியில் இதைச் செய்யாதீர்கள்.

கணக்கு

எஞ்சின் விலையை மட்டும் எழுதிக் கணக்குப் போடுவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. இறக்கி ஏற்றும் கூலி, ஆயில், கூலன்ட், கேஸ்கெட் செட், நீண்டு கொடுக்கும் வகை ஹெட் போல்ட்டுகள் (ஒருமுறை கழற்றினால் புதிதுதான் போட வேண்டும்), ஹோஸ்கள், மேலே சொன்ன பெல்ட், பம்ப், கிளட்ச், முதலில் கொன்ற காரணத்தைச் சரிசெய்யும் செலவு. எல்லாம் கூட்டி, அதன் மேல் கால் பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். பிரித்தால் உள்ளே ஏதாவது ஒன்று நிச்சயம் கூடுதலாக வரும்.

அப்புறம், வேலை முடிந்தபின் எத்தனை மாதம் இந்த வண்டியை வைத்திருப்பீர்கள் என்று உங்களையே கேளுங்கள். மொத்தச் செலவை அந்த மாதங்களால் வகுங்கள். அந்தத் தொகைக்கு இதைவிட நல்ல வண்டி வேறு வழியில் கிடைக்குமா என்று ஒப்பிடுங்கள். வண்டியின் சந்தை மதிப்பில் பாதிக்கு மேல் செலவு போகக் கூடாது என்று ஒரு விதி சொல்வார்கள். விற்கப் போகிறவருக்கு அது சரி. அடுத்த ஆறு வருடம் ஓட்டப் போகிறவருக்கு மாதக் கணக்குதான் உண்மையைச் சொல்லும்.

வண்டி சம்பாதித்துக் கொடுக்கிறதென்றால் நிற்கும் நாளும் செலவுதான். தயாராக இருக்கும் எஞ்சினை மாற்ற எனக்கு மூன்று நான்கு நாள் ஆகும். பிரித்துக் கட்ட, மெஷின் வரிசை, பிஸ்டன் வரும் நாள் எல்லாம் சேர்த்து மூன்று வாரத்துக்குக் குறைவாக நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒரு சரக்கு வேன்காரருக்குக் கட்டும் செலவு மாற்றுவதைவிடக் குறைவாகத்தான் வந்தது. அவர் இழக்கும் பதினேழு நாள் ஓட்டத்தைச் சேர்த்ததும் கணக்கு தலைகீழாகிவிட்டது. மாற்றிக் கொடுத்தேன். அவருடைய பழைய எஞ்சினை வைத்துக்கொண்டு நிதானமாகக் கட்டி அடுத்த தேவைக்கு எடுத்து வைத்தோம்.

ஏற்றிய பிறகு

கட்டிய எஞ்சினை நேராகச் சாவி போட்டுத் தட்டாதீர்கள். பிளக்கைக் கழற்றி, எரிபொருளைத் துண்டித்து, ஆயில் அழுத்த முள் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் விட்டு விட்டுச் சுற்றுங்கள். முள் ஏறிய பிறகே பிளக். புது ரிங் சுவரோடு பழக லோடு வேண்டும். மணிக்கணக்கில் ஐடிலில் விட்டால் பழகாது, சுவர்தான் பளபளத்துப்போகும். முதல் சில நூறு கி.மீ. வேகத்தை ஏற்றி இறக்கி, மிதமான இழுப்பில் ஓட்டுங்கள். முக்கி இழுக்க விடாதீர்கள், ஒரே வேகத்திலும் பிடிக்காதீர்கள். 500 முதல் 1000 கி.மீ.க்குள் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, அந்த ஃபில்டரையும் வெட்டிப் பாருங்கள். முதல் ஃபில்டரில் கொஞ்சம் மினுமினுப்பு இருக்கும், பயப்பட வேண்டாம். இரண்டாவதில் இருக்கக் கூடாது.

மாற்றிய எஞ்சினோ கட்டிய எஞ்சினோ, 1000 கி.மீ. முடிந்ததும் சூடாக இருக்கும்போது மறுபடி ஒருமுறை கம்ப்ரஷனும் ஆயில் அழுத்தமும் எடுங்கள். ஆரம்பத்தில் எழுதி வைத்த அதே தாளில், பழைய எண்களுக்குக் கீழே, தேதியும் கி.மீ.யும் போட்டு எழுதி வண்டியின் காகிதங்களோடு வையுங்கள். அடுத்து யாராவது எஞ்சின் போயிடுச்சு என்று சொன்னால், முதலில் அந்தத் தாளை எடுத்து நீட்டுங்கள்.